பட்டணம் போகிறவர்களுக்கு: சென்னை பற்றி ரங்கூன் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்னும் "பட்டணம்"தான். ரங்கூனில் கப்பலேறினால் போய் இறங்குகிற ஊர். பேரப்பிள்ளைகள் இப்போது விமானத்தில் போகிறார்கள்: வைத்தியத்துக்கு, படிப்புக்கு, கல்யாணச் சேலை எடுக்க, பூர்வீகத்தைத் தேட. தாத்தா சொன்ன பட்டணத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் பாதி இடம் இருக்காது. மீதி இடத்துக்குப் பெயர் மாறியிருக்கும். ரங்கூன், பெகு, மோல்மேன் பக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

மெட்ராஸ், மதராசப்பட்டினம், சென்னப்பட்டினம், சென்னை எல்லாம் ஒரே ஊர்தானா?

இன்றைக்கு ஒரே ஊர். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களான பிரான்சிஸ் டேயும் ஆண்ட்ரூ கோகனும் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் கடலோரத்தில் ஒரு மணல் துண்டை வாங்கினார்கள். அந்த இடத்தின் பெயர் மதராசப்பட்டினம். கோட்டையை ஒட்டி எழுந்த ஊருக்கு நாயக்கரின் தகப்பனார் சென்னப்ப நாயக்கர் பெயரால் சென்னப்பட்டினம் என்று பெயர் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். வெள்ளைக்காரன் முதல் பெயரைப் பிடித்துக்கொண்டான், நம் ஜனம் இரண்டாவதை. மாநிலத்தின் பெயர் 1969-இல் தமிழ்நாடு ஆனது. நகரத்தின் பெயர் 1996-இல்தான் எல்லா மொழியிலும் சென்னை ஆனது.

மெட்ராஸ் பல்கலைக்கழகம், மெட்ராஸ் உயர் நீதிமன்றம், ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆகியவை ஆங்கிலத்தில் இன்னும் பழைய பெயரிலேயே இருக்கின்றன. பிள்ளைகளின் விண்ணப்பத்தில் இவற்றைச் "சென்னை" என்று திருத்தி எழுத வேண்டாம்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். "இந்த ஊர் 1639-இல் பிறந்தது" என்று மயிலாப்பூர்க்காரரிடம் சொன்னால் சண்டைக்கு வருவார். நியாயம்தான். மயிலாப்பூர், திருவொற்றியூர், திருவான்மியூர் எல்லாம் தேவாரம் பாடிய தலங்கள். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஆங்கிலேயன் கட்டியது கோட்டை. பின்னால் அந்தக் கோட்டையைச் சுற்றி வளர்ந்த நகரம் இந்தப் பழைய ஊர்களை ஒவ்வொன்றாக விழுங்கியது.

பழைய காகிதத்தில் "பிறந்த இடம்: மெட்ராஸ்" என்று இருக்கிறது. அப்படியென்றால் நாங்கள் சென்னைக்காரர்களா?

பெரும்பாலும் இல்லை. அந்தக் காலத்தில் "மெட்ராஸ்" என்று எழுதினால் அது மெட்ராஸ் மாகாணத்தையும் குறிக்கும். அந்த மாகாணம் வடக்கே இன்றைய ஒடிசாவின் கஞ்சம் வரை, மேற்கே மலபார் வரை, தெற்கே திருநெல்வேலி வரை பரந்து கிடந்தது. ரங்கூனுக்கு வந்த கூலியாட்களில் பெரும் பகுதி விசாகப்பட்டினம், காக்கிநாடா பக்கத்துத் தெலுங்கர்கள்; கோரங்கித் துறைமுகத்தின் பெயரால்தான் இங்கே அவர்களைக் "கோரங்கி" என்றார்கள். தமிழர்களில் ராமநாதபுரம், தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைக்காரர்கள் அதிகம். சென்னை பலருக்குக் கப்பலேறிய துறைதான். சொந்த ஊர் வேறு.

அப்படியானால் சொந்த ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுவோம். மொரிஷியசுக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்கு ஆளுக்கொரு எண்ணும் பதிவேடும் உண்டு. பர்மாவுக்கு அப்படி இல்லை. இங்கே வந்தவர்கள் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி வந்தார்கள், அல்லது சொந்தக் காசில் டெக் டிக்கெட் எடுத்து வந்தார்கள். அதனால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய்த் தாத்தா பெயரைச் சொன்னால் ஒரு தாள் எடுத்துத் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது அரசாங்கக் கோப்புகளின் இடம். ஆராய்ச்சிக்காரர்கள் முன் அனுமதி வாங்கிப் படிக்கிற இடம்.

கைகொடுப்பவை வேறு. குலதெய்வத்தின் பெயர் முதலாவது. ஊர்ப் பெயர் மறந்த குடும்பத்தில்கூட முனியாண்டியோ அய்யனாரோ அங்காளம்மனோ, அடைமொழியோடு யாராவது ஒரு பாட்டிக்கு நினைவிருக்கும். அந்த அடைமொழியில்தான் பெரும்பாலும் ஊர் ஒளிந்திருக்கும். அடுத்தது பழைய கடித உறை: அதன் அஞ்சல் முத்திரையில் தபால் நிலையம் தெரியும். மூன்றாவது தாலுகாவின் பெயர். புதூர், கீழக்குடி என்ற பெயரில் ஊர்கள் ஏராளம். தாலுகா இல்லாமல் ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இங்கே பலர் தடுக்கி விழுவது மாவட்டப் பெயரில். பழைய ராமநாதபுரம் மாவட்டம் 1985-இல் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று மூன்றாகப் பிரிந்தது. பழைய தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினமும் பிறகு திருவாரூரும் பிரிந்தன. கடிதத்தில் "ராம்நாட் ஜில்லா" என்று இருந்தால் ஊர் இன்று சிவகங்கையிலோ விருதுநகரிலோ இருக்கலாம்.

ஆறும் சிறியது, இயற்கைத் துறைமுகமும் இல்லை. அந்த இடத்தில் எப்படித் துறைமுகம் வந்தது?

சரியான கேள்வி. ரங்கூன் ஆற்றில் கப்பல் உள்ளே வந்து கரையோடு நிற்கிறதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சென்னையின் கதை விசித்திரமாகத்தான் இருக்கும். முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே துறைமுகம் என்று ஒன்று இல்லை. கப்பல் கடலில் எட்ட நங்கூரமிடும். ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். அந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அந்த அலையில் மணலில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்துகொடுக்கும்.

1861-இல் கடலுக்குள் நீளும் ஒரு பாலம் கட்டினார்கள். பிறகு கல்லால் ஆன இரண்டு அலைத்தடுப்புக் கைகளைக் கடலுக்குள் நீட்டித் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதை நொறுக்கியது. மறுபடி கட்டினார்கள். வாய் கிழக்கே திறந்திருந்ததால் அலை நேரே உள்ளே வந்தது, மணலும் சேர்ந்தது. 1904 முதல் துறைமுகத்தை நடத்திய பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் கிழக்கு வாயை அடைத்து வடகிழக்கில் புதிய வாய் திறந்த பிறகே அது உருப்படியான துறைமுகம் ஆனது.

அதற்கு விலையும் உண்டு. அந்தக் கரையில் ஆண்டின் பெரும் பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்தின் கை குறுக்கே நின்றதும் மணல் தெற்குப் பக்கத்தில் தேங்கியது; மெரினா இத்தனை அகலமாக இருப்பதற்கு அது முக்கியக் காரணம். வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கத்துக்கு மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. அங்கே இப்போது கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சுற்றுலாக்காரர்கள் மெரினாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வடக்கேயும் போய்ப் பார்த்தால்தான் கணக்கு புரியும்.

இங்கிருந்து அங்கே என்னதான் போனது?

ஆட்கள் அங்கிருந்து வந்தார்கள். அரிசி, தேக்கு, மண்ணெண்ணெய் இங்கிருந்து போயின. சுருக்கமாகச் சொன்னால் சோறும் கூரையும் விளக்கும்.

அரிசியின் அருமை 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோதுதான் அங்கே உறைத்தது. பர்மா அரிசி நின்றது. அடுத்த ஆண்டு சென்னையில் அரிசிக்குப் பங்கீடு வந்தது. தேக்கை இன்றும் பார்க்கலாம்: பழைய ஜார்ஜ் டவுன் வீடுகளின் உத்தரம், செட்டிநாட்டு வீடுகளின் தூண் எல்லாம் "பர்மாத் தேக்கு" என்றே பெருமையாகச் சொல்லப்படும்.

மண்ணெண்ணெய்க்கு ஒரு கதையே உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்று குண்டு பொழிந்தது. பற்றி எரிந்தவை துறைமுகத்தை ஒட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். குண்டு விழுந்த இடத்தில், உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதில் ஓரம், ஒரு நினைவுக் கல் இருக்கிறது. தந்திரக்காரனை, எதற்கும் துணிந்தவனை "அவன் ஒரு எம்டன்" என்று சொல்லும் வழக்கு அன்றைக்கு வந்தது.

இன்னும் பின்னால் போனால், 1824-இல் ரங்கூனில் வந்து இறங்கிய கம்பெனிப் படையில் மெட்ராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள். அந்த முதல் ஆங்கில–பர்மியப் போருக்கு ஆளும் பொருளும் சென்னையிலிருந்து அனுப்பிவைத்த கவர்னர் தாமஸ் மன்றோ. தீவுத்திடலுக்கு அருகே சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கும் சிலை அவருடையது.

பர்மாவின் கடைசி மன்னர் தீபோவைச் சென்னையிலா வைத்திருந்தார்கள்?

சில மாதங்கள் மட்டும். 1885 கடைசியில் மண்டலேயிலிருந்து கொண்டுபோய், 1886 ஏப்ரலில் ரத்னகிரிக்கு மாற்றினார்கள்.

ரங்கூன் மொகல் தெருவில் இருந்த செட்டியார் பணம் சென்னையில் என்ன ஆனது?

எல்லாம் போகவில்லை, பெரும் பகுதி இங்கேயே நின்றுபோனது. 1930-களின் விலைவீழ்ச்சியில் கடன் திரும்பாமல் கீழ் பர்மாவின் நெல் நிலங்களில் சுமார் கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. அந்த நிலமும் பர்மா விடுதலைக்குப் பிறகு வந்த நில நாட்டுடைமைச் சட்டத்தில் போனது.

ஆனால் வங்கித் தொழிலின் வித்தை அங்கே போய் நின்றது. 1906-இல் ஆர்பத்நாட் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி திவாலாகி ஊர்ப் பணத்தை விழுங்கியதும், அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15-இல் இந்தியன் வங்கி தொடங்கியது. முன்னின்றவர்களில் செட்டியார்களும் உண்டு. 1937 பிப்ரவரி 10-இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவு திறந்தார். அண்ணா சாலையில் பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடத்தைத் தொடங்கியவரும் அவரே. 1954-இல் விமான விபத்தில் இறந்தார், கட்டடம் 1959-இல் முடிந்தது. அந்தச் சாலையில் போகும்போது கண்ணில் படாமல் இருக்காது.

1964-க்குப் பிறகு இங்கிருந்து போனவர்கள் அங்கே எங்கே இருக்கிறார்கள்?

கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமை ஆக்கியபோது கையில் கொஞ்சம் பணம், உடம்பில் கொஞ்சம் நகை என்று கப்பலேறினவர்களில் பலர் சென்னைத் துறைமுகத்திலேயே இறங்கினார்கள். வியாசர்பாடியில் அவர்களுக்குக் குடியிருப்பு அமைந்தது. இன்றும் அங்கே போனால் பர்மிய மொழி பேசும் முதியவர்களைப் பார்க்கலாம். 1969-இல் துறைமுகத்துக்கு எதிரே, ராஜாஜி சாலை நடைபாதையோரம், சின்னச் சின்னக் கடைகளாகப் பர்மா பஜார் அமைந்தது. அதே ஆண்டு பர்மா, இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் மறுவாழ்வுக்காக ரெப்கோ வங்கி தொடங்கியது.

பர்மா பஜாரில் கப்பல் சரக்கு, கேசட், கேமரா, குறுந்தகடு என்று காலத்துக்கேற்ப சரக்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இப்போது மின்னணுச் சாமான்கள், செல்பேசி உதிரிகள், வாசனைத் திரவியம். சொன்ன விலைக்கு வாங்காதீர்கள், பேரம் பேசுங்கள். சார்ஜர், இயர்போன் போன்றவற்றைக் கடையிலேயே போட்டுச் சோதித்த பிறகு காசு கொடுங்கள். உத்தரவாதச் சீட்டு இல்லாத பொருளை அடுத்த நாள் கொண்டுபோய் மாற்ற முடியாது. பர்மாக்காரர் நடத்தும் கடைதான் எல்லாம் என்று நினைக்க வேண்டாம். பல கடைகள் கை மாறிவிட்டன.

சென்னையில் விற்கும் "அத்தோ" நம்ம ஊர் சாப்பாடுதானா?

வேர் இங்கே, கிளை அங்கே. பர்மியத்தில் "அதோக்" என்றால் கையால் பிசைந்து கலப்பது. இங்கே கவ்ஸ்வே (நூடுல்ஸ்) தோக், இஞ்சித் தோக், லப்பே (ஊறிய தேயிலை) தோக் என்று முன்னால் பெயர் சேரும். அங்கே பெயர் உதிர்ந்து வெறும் "அத்தோ" ஆகிவிட்டது. நூடுல்சை மட்டும் குறிக்கிறது. பர்மா பஜாருக்குப் பின்னால் இரண்டாம் கடற்கரைச் சாலையில் சாயங்காலம் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும்.

மாற்றங்கள் உங்களுக்கு உடனே தெரியும். மீன் சாற்றையும் உலர்ந்த இறால் பொடியையும் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். நூடுல்சில் ஆரஞ்சு நிறம் ஏற்றுகிறார்கள். மேலே நொறுக்கிப் போடும் தட்டைக்குப் "பேஜோ" என்று பெயர். அது இங்கத்து "அஜோ", அதாவது பொரித்தது. மீன் குழம்பு நூடுல்ஸான மொஹிங்காவில் நாம் போடும் வாழைத்தண்டு அங்கே தனி சூப்பாகவே வரும், அத்தோவோடு இலவசமாக. அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய், மிளகாய்த்தூள் வைத்து ஒரே வாயில் போட்டுக்கொள்வது சென்னைக்காரர்களின் கைவரிசை. அது நன்றாகவே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சென்னை முறையில் வீட்டில் செய்ய, இரண்டு பேருக்கு: காய்ந்த கோதுமை நூடுல்ஸ் 200 கிராம், ஊசிபோல் அரிந்த முட்டைக்கோஸ் ஒரு கப், பெரிய வெங்காயம் 2, பூண்டு 10 பல், எண்ணெய் 4 மேசைக்கரண்டி, நெல்லிக்காய் அளவு புளி, கொரகொரப்பான மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, வறுத்த கடலை மாவு 2 மேசைக்கரண்டி, எலுமிச்சை அரை மூடி, கொத்தமல்லி, தட்டை 4, உப்பு.

நூடுல்சை வேகவைத்து உடனே பச்சைத் தண்ணீரில் அலசி, ஒரு கரண்டி எண்ணெய் புரட்டி ஆறவிடுங்கள். அலசாவிட்டால் களி. ஒரு வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, கால் மணி நேரம் காற்றாட விட்டுப் பொரியுங்கள். ஈரத்தோடு போட்டால் மொறுமொறுப்பு வராது. அதே எண்ணெயில் நறுக்கிய பூண்டைப் போட்டு, வெளிர் பொன்னிறம் வரும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். எண்ணெயின் சூடே மீதியைப் பார்த்துக்கொள்ளும். பழுப்பாகும் வரை காத்திருந்தால் முழுவதும் கசக்கும். புளியைக் கால் கப் தண்ணீரில் கெட்டியாகக் கரைக்க வேண்டும். நீர்த்த புளிதான் வீட்டு அத்தோ சொதசொதவென்று போவதற்கு முதல் காரணம். இரண்டாவது, முட்டைக்கோசில் உப்பை முன்னாலேயே போட்டு வைப்பது. பச்சை வெங்காயம், கோஸ், நூடுல்ஸ், கடலை மாவு, மிளகாய்த்தூள், பூண்டெண்ணெய், புளி என்ற வரிசையில் போட்டு, உப்பைக் கடைசியில் சேர்த்துக் கையால் பிசையுங்கள். கரண்டி வேண்டாம். மேலே பொரித்த வெங்காயம், கொத்தமல்லி, நொறுக்கிய தட்டை, எலுமிச்சை. பிசைந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். பத்து நிமிடம் போனால் தட்டை நமுத்துவிடும்.

தாத்தா சொன்ன இடங்கள் இப்போது இருக்கின்றனவா?

டிராம் வண்டி 1953-இல் நின்றது. மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. அந்த இடத்தில் சென்ட்ரலை ஒட்டிய புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. பெயர் மாறியவை: மவுண்ட் ரோடு இப்போது அண்ணா சாலை, முதல் கடற்கரைச் சாலை ராஜாஜி சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை பெரியார் ஈ.வெ.ரா. சாலை, சைனா பஜார் ரோடு நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலை. இந்தக் கடைசிப் பெயர் நம்மவர்களுக்குத் தனியாக உறைக்கும். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த பர்மாத் தமிழர் குடும்பங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன. ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னாலும் போய்ச் சேரலாம், பாரிமுனையை "பாரிஸ் கார்னர்" என்பதைப் போல. செல்பேசி வரைபடத்தில் தேடும்போதுதான் புதுப் பெயர் வேண்டும்.

1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம் இன்னும் நிற்கிறது. உயர் நீதிமன்றக் கோபுரத்தின் மேல் இருந்த கலங்கரை விளக்கம் ஓய்ந்து, 1977 முதல் மெரினாவில் உள்ள முக்கோண விளக்கம் வேலை செய்கிறது.

சென்னை இப்போது எதில் பிழைக்கிறது?

தாத்தா காலத்தில் கேட்டிருந்தால் துறைமுகம், துணி ஆலை, தோல் என்று சொல்லியிருப்பார்கள். பெரம்பூரின் பின்னி ஆலைகள் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டன. 1918-இல் அங்கே பிறந்த மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் ஒழுங்கான தொழிற்சங்கம் என்று எண்ணப்படுகிறது. ஆலை 1996-இல் மூடப்பட்டது. விடுதலைக்குப் பிறகு எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள், பெரம்பூரில் 1955-இல் ரயில் பெட்டித் தொழிற்சாலை, மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு என்று வடசென்னை இரும்பு ஊராக மாறியது. அம்பத்தூரிலும் பாடியிலும் உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் பெருகின. அந்தப் பட்டறைகளும் பக்கத்துத் துறைமுகமும் இருந்ததால்தான் 1990-களில் ஹூண்டாய், ஃபோர்டு போன்ற கார் கம்பெனிகள் ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர் பக்கம் வந்தன. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் உற்பத்தி தொடங்கியது. வந்ததெல்லாம் நிலைக்கவில்லை: நோக்கியா 2014-இல் மூடியது, ஃபோர்டு 2022-இல் கார் செய்வதை நிறுத்தியது. தரமணியில் 2000-இல் டைடல் பார்க் திறந்த பிறகு பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கக் கணினி அலுவலகங்கள்.

நம்மவர்கள் அதிகம் போவது வைத்தியத்துக்கு. அரசு பொது மருத்துவமனையின் வரலாறு 1664-இல் கோட்டைக்குள் தொடங்குகிறது; அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-இலும், கண்ணுக்குச் சங்கர நேத்ராலயா 1978-இலும், அப்போலோ 1983-இலும் வந்தவை. போகும் முன் பர்மிய மொழியில் உள்ள மருத்துவச் சீட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் படத்தை அறிக்கையோடு மட்டும் விடாமல் குறுந்தகட்டிலும் எடுத்துச் செல்லுங்கள். இல்லாவிட்டால் எல்லாச் சோதனையும் முதலிலிருந்து. செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதில் அறை வாடகை, மருந்து, ரத்தம் சேர்ந்திருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை தேடிச் சேர்ந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது குற்றம்.

எந்த மாதம் போவது நல்லது?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. நம் ஊர்க் கணக்கு அங்கே செல்லாது. ரங்கூனில் மே முதல் அக்டோபர் வரை கொட்டும் மழை சென்னைக்கு அவ்வளவாகக் கிடைக்காது. அங்கே பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில். "இங்கே மழை முடிந்தது, போகலாம்" என்று நவம்பரில் டிக்கெட் போடுகிறவர்கள் நேரே புயலில் போய் இறங்குகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரத்தின் பெரும் பகுதி மூழ்கியது. வேளச்சேரி, முடிச்சூர் போன்ற ஏரியோரப் பகுதிகளும் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரங்களும் மழைக்கு முதலில் தண்ணீரில் நிற்கும். மே மாதம் அக்னி நட்சத்திரம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும், பிற்பகலில் கடல் காற்று வந்தால்தான் உயிர் வரும்.

வெள்ளத்தில் மூழ்கிய அதே ஊர் 2019 கோடையில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டுபோயின. மாதக் கணக்கில் தங்க வீடு பார்க்கிறவர்கள் வாடகைக்கு முன்னால் தண்ணீரைக் கேளுங்கள்: குழாய்த் தண்ணீரா, ஆழ்துளைக் கிணறா, லாரியா? லாரி என்றால் அதன் செலவு யாருடையது?

மணிக்கணக்கு: அங்கே நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால்.

மார்கழிக் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமா?

காலையிலும் மதியத்திலும் நடக்கும் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். இளைய கலைஞர்களைக் கேட்க அதுவே நல்ல நேரம். மாலைக் கச்சேரிக்குக் கட்டணம் உண்டு. 1927-இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்த இசை விழாவிலிருந்து மறு ஆண்டு மியூசிக் அகாடமி பிறந்தது. மேடையில் தெலுங்குக் கீர்த்தனையே அதிகம் என்ற குறையில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கினார். பாரிமுனைக்கு அருகே ராஜா அண்ணாமலை மன்றத்தில் முழுக்கத் தமிழ்ப் பாட்டாகவே கேட்கலாம். ஜனவரியில் புத்தகக் கண்காட்சி. 1977 முதல் நடக்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்க அதைவிட நல்ல இடம் இல்லை. புத்தகத்தின் கனத்தை நினைவில் வைத்துக்கொண்டு விமானப் பெட்டியில் இடம் விட்டுப் போங்கள்.

சொந்த ஊருக்கு வண்டி எங்கே ஏறுவது?

தெற்கே போகும் ரயில்கள் பெரும்பாலும் எழும்பூரிலிருந்து, சில தாம்பரத்திலிருந்து. சென்ட்ரல் என்பது கோயம்புத்தூர், பெங்களூரு, வட இந்தியா போகிறவர்களுக்கு. காரைக்குடி போகிறவர் சென்ட்ரலில் போய் நிற்பது அடிக்கடி நடக்கிற தப்பு. நடந்துவிட்டால் பதற வேண்டாம். மெட்ரோவில் எழும்பூர் அடுத்த நிலையம். தென் மாவட்டங்களுக்குப் போகும் அரசுப் பேருந்துகள் 2023 கடைசியிலிருந்து வண்டலூரைத் தாண்டியுள்ள கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன. கோயம்பேடு என்று பழைய தகவலை வைத்துக்கொண்டு போனால் நகரத்தைக் குறுக்கே கடந்து திரும்பி வரவேண்டும். விமான நிலையத்திலிருந்து பார்த்தால் கிளாம்பாக்கம் தெற்கே. நகருக்குள்ளே போகவே வேண்டியதில்லை. பொங்கல், தீபாவளி ரயில் இடங்கள் முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பயணத்துக்கு 60 நாள் முன்னால் திறக்கிறார்கள்.

சென்னைத் தமிழ் நமக்குப் புரியுமா?

கொஞ்ச நேரம் பிடிக்கும். நாஸ்டா என்றால் காலைச் சாப்பாடு, துட்டு என்றால் காசு, குந்து என்றால் உட்கார், அப்பால என்றால் பிறகு, பேஜார் என்றால் தொல்லை. தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. மூட்டை தூக்கியவரும் படகு தள்ளியவரும் நாலு மொழிக்காரரோடு வேலை செய்து உண்டாக்கியது. படித்தவர்கள் இதை இளப்பமாகப் பேசுவார்கள், நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். வயதில் மூத்தவரை "அண்ணே", "அக்கா" என்று கூப்பிட்டுக் கேளுங்கள். கடை மூலையில் நிற்கிற ஆள் பஸ் எண்ணிலிருந்து இறங்க வேண்டிய நிறுத்தம் வரை சொல்லிவிடுவார். நம் பேச்சில் ரங்கூன் வாடை அடித்தால் "பர்மாவா?" என்று கேட்பார்கள். வியாசர்பாடிப் பக்கமாக இருந்தால் அடுத்த கேள்வி பர்மியத்திலேயே வரும்.